கீழிருந்து வந்த வெயில்

லாகர் என்று நாங்கள் கூப்பிடும் பதிவுப் பெட்டியின் சின்னத் திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் நான் முதலில் செய்தது, பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டியதுதான்.

எண் மாறவில்லை.

காலை பதினொன்றரை மணி இருக்கும். மரக்காணம் உப்பளத்தின் ஓரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னக் கொட்டகைக்குள் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே இரும்புச் சட்டத்தில் இரண்டு சூரியப் பேனல்கள் சாய்ந்து நின்றன. இரண்டும் ஒரே மாதிரி செய்தவை. ஒன்றின் முதுகை மட்டும் கறுப்புத் தகடு வைத்து மூடியிருந்தோம். இன்னொன்றின் முதுகு திறந்திருந்தது. திறந்த முதுகு எவ்வளவு கூடுதலாக மின்சாரம் தருகிறது என்று பார்ப்பதுதான் அங்கே என் வேலை.

கொஞ்சம் கூடுதலாகத் தரும் என்று கணக்குப் போட்டிருந்தோம். திரையில் தெரிந்தது கொஞ்சம் இல்லை.

ஒயர்களைக் கழற்றி மறுபடி மாட்டினேன். பிறகு இரண்டு பேனல்களின் ஒயர்களையும் இடம் மாற்றிச் செருகினேன். எண்களும் சமர்த்தாக இடம் மாறின. அப்படியென்றால் பெட்டி பொய் சொல்லவில்லை.

"என்னா மேடம், காலைலேர்ந்து அதையே மொறைச்சிக்கினு இருக்கீங்க?"

பிலோமினா. பக்கத்துப் பாத்திகளில் உப்பு வாருகிற பெண். ஏறக்குறைய என் வயது. விடியற்காலையில் அங்கே வேலையை முடித்துவிட்டு, பத்து மணிக்கு மேல் எங்களிடம் வந்து பேனல் கண்ணாடிகளில் படியும் உப்பை நல்ல தண்ணீரால் துடைத்துவிட்டுப் போவாள். முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை.

"பின்னாடியிருந்து இவ்வளவு கரண்ட் வருது பிலோமினா. நம்பவே முடியல."

"இதுல இன்னா அதிசயம்?" என்றவள், தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு முகத்தை அண்ணாந்து காட்டினாள். தாடைக்கு அடியில், கழுத்து தொடங்குகிற இடத்தில், தோல் கன்றிக் கறுத்திருந்தது. நெற்றியைவிட அங்கேதான் கறுப்பு அதிகம்.

"இத்த பாருங்க. தலைக்குத் துண்டு கட்டிக்கினுதான் வேலை செய்றோம். அப்புறம் இங்க எப்படிக் கருகிப் போச்சு? எல்லாம் கீழேர்ந்து அடிக்கிற வெயிலுதான்."

வெள்ளை வெளேரென்று உப்பு பூத்த தரை வெயிலைத் திருப்பி அடிக்கும் என்பது நான் படித்ததுதான். அதை நம்பித்தான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தோம். ஆனால் அது ஒரு மனிதத் தோலை இப்படிச் சுட்டிருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சுமார் அரை மணி நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிறகு பயம் வந்துவிட்டது.

அவன் அங்கே, நான் இங்கே

திருவண்ணாமலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இந்தத் தொடரில் ஆராய்ச்சிக் கூடத்து வெற்றிடப் பம்ப்பைப் பற்றி மூன்று வாரம் எழுதினீர்கள். மரக்காணத்தில் இருந்த காலத்தை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே, ஏன்?"

பம்ப்பைப் பற்றி எழுதுவது சுலபம் அம்மா. பம்ப்புக்கு மனசு கிடையாது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இளங்கோ என் கணவன். அதற்கு முன்னால் என் ஆராய்ச்சிக் கூடத்துச் சகா. அந்தப் பம்ப்பை யார் முதலில் உபயோகிப்பது என்று சண்டை போட்டுத்தான் பழகினோம். எழுத்தில் 'அவர்' என்று போட்டுப் பார்த்தேன். யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எழுதுவதுபோல இருந்தது. பேசும்போது வருவதுபோல 'அவன்' என்றே எழுதுகிறேன். அவனுக்கு ஆட்சேபம் இல்லை, கேட்டுவிட்டேன்.

சாதாரண சூரியச் செல்லின் முதுகு முழுக்க உலோகத்தைப் பூசி மூடிவிடுவார்கள். வெயில் ஒரு பக்கம்தான் படும். அந்த முதுகைத் திறந்து, மெல்லிய கோடுகளாக மட்டும் உலோகத்தை இழுத்து, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளச் செய்ய வேண்டும் என்பது இளங்கோவின் பிடிவாதம். அதிகத் திறனுள்ள செல் செய்கிறவர்கள் எல்லாரும் முன்பக்கத்தில் இன்னும் ஒரு துளி, இன்னும் ஒரு துளி என்று பிழிந்துகொண்டிருந்தார்கள். இவன் மட்டும் முதுகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

சென்னையில் எங்களிடம் அப்படிச் செல் செய்வதற்கான உயர்வெப்ப அடுப்புகள் இல்லை. ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சிக் கூடம் இரண்டு வருஷத்துக்குக் கூப்பிட்டது. போனான்.

இரண்டு வருஷம், அவ்வளவுதான் என்று பேச்சு. அவன் அங்கே செல் செய்து அனுப்புவான். நான் இங்கே நம் வெயிலில் வைத்துப் பார்ப்பேன். அவன் திரும்பி வந்ததும் குழந்தை பெற்றுக்கொள்வோம். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது.

செல்கள் பார்சலில் வரும். கோதுமை ரவா பாக்கெட் அளவுக்கு ஒரு பெட்டி. ஒவ்வொரு செல்லும் தனித்தனிக் காகித உறையில் இருக்கும். உறையின் மேல் பென்சிலால் அதன் எண். எண்ணுக்குக் கீழே, பொடிப்பொடியாக, அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி.

'பதினேழு. ரசம் வைத்தேன். கேவலம்.'

'இருபத்திரண்டு. பனி. சைக்கிளில் இருந்து விழுந்தேன். செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.'

'முப்பத்தொன்று. உன் குரல் போனில் சளி பிடித்த மாதிரி இருந்தது.'

செல்களைப் பேனலில் கோத்துக் கண்ணாடிக்குள் வைத்து அடைத்துவிட்டோம். உறைகளை நான் வைத்துக்கொண்டேன்.

கடல் வந்து போன பிறகு

கொட்டகை போட்டது, சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த சில மாதங்களில். பாத்திகள் பலவற்றில் கடல் சேறு அப்படியே கிடந்தது. சேற்றை வாரிக் கொட்டி, வரப்பு கட்டி, தரையை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தி, மறுபடி உப்பு பூக்க வைத்தவர்களில் பிலோமினாவும் ஒருத்தி. அவள் கணவர் கொத்தனார் வேலைக்குச் சென்னை போயிருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவார்.

நான் ஊருக்குள் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழ்வீட்டில் போன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இளங்கோ கூப்பிடுவான். வீட்டுக்காரம்மா, "ஹேமா, ஃபாரின் போனு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். அந்தக் குரலுக்காக மதியம் சாப்பிட்டதிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். இருந்தும் ஏதோ துணி உலர்த்திக்கொண்டிருந்த மாதிரி மெதுவாகத்தான் படி இறங்குவேன். எதற்கு அந்த வேஷம் என்று இன்றுவரை தெரியவில்லை.

உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து பிலோமினாவின் கண்கள் எப்போதும் சிவந்தே இருந்தன. சென்னையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்து கொடுத்தேன். இரண்டு நாள் போட்டாள். மூன்றாம் நாள் காணோம்.

"எல்லாரும் சிரிக்கிறாங்க மேடம். சினிமாக்காரின்றாங்க. ஒருத்திக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

அடுத்த தடவை பன்னிரண்டு வாங்கி வந்தேன். அதன் பிறகு அந்த வரிசைப் பெண்கள் எல்லாருமே சினிமாக்காரிகள் ஆனார்கள்.

"தொடைக்காம வுட்டுடட்டுமா?"

இனி அந்தப் பயம்.

அந்த எண்ணைப் பார்ப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு இளங்கோ போனில் ஒரு விஷயம் சொல்லியிருந்தான். அங்கே அவனுடைய தலைவருக்கு முதுகு திறந்த செல்லில் அத்தனை நம்பிக்கை இல்லை. ஆனால் வெளி வெயிலில், அதுவும் உப்புக் காற்றில், அது நிஜமாகவே கூடுதலாகத் தருகிறது என்று ஓர் அளவீடு வந்தால் அதையே கூடத்தின் முக்கிய வேலையாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அப்படி எடுத்தால் நடத்துவது இளங்கோதான். நிரந்தர வேலை.

"வரலேன்னா?" என்று கேட்டேன்.

"வரலேன்னா மாசியில ஃபெலோஷிப் முடியுது. பெட்டியக் கட்டிட்டு வந்துட வேண்டியதுதான்."

இதை அவன் சோகமாகச் சொன்னான். நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன்.

அதனால்தான் அந்தப் பதினொன்றரை மணிச் சந்தோஷம் அரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது. என் முன்னால் இருந்த எண், என் கணவன் திரும்பி வர மாட்டான் என்று சொல்கிற எண்.

ஒரு வாரம் அளந்தேன். மாறவில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய் அவனுக்கு ஈமெயில் எழுதினேன்: "கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்." அந்த அளவீடுகள் இருந்த ஃபைலை இணைக்கவில்லை.

கருவி சரியாகத்தான் இருந்தது. அதை மூன்று விதமாகச் சோதித்துவிட்டேன். நான் எழுதியது பொய்.

இரண்டாம் வாரமும் அதையே எழுதினேன். எத்தனையோ மாணவர்களிடம், "எண்ணைப் பிடிக்கவில்லை என்பதற்காக எண்ணை ஒளிக்காதே" என்று சொல்லியிருக்கிறேன். இப்போது நான் என் எண்ணை ஒரு சிடியில் போட்டு, புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

பிலோமினாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே ஒருநாள் கேட்டாள்.

"சார் எப்ப மேடம் வர்றாரு? மாசிக்கா?"

"இந்தப் பின்பக்கம் நல்லா வேலை செய்யலேன்னா வருவார். நல்லா வேலை செஞ்சா அங்கேயே இருக்கச் சொல்லுவாங்க."

அவள் கையில் ஈரத்துணி. பேனலின் பின்பக்கமாகக் குனிந்து நின்றிருந்தாள். முந்தின நாள் உப்பு, வெண்மையாக, கண்ணாடியில் படிந்திருந்தது. அப்படியே என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அப்ப, தொடைக்காம வுட்டுடட்டுமா?"

ஒரு மாதம் அந்த உப்பைத் துடைக்காமல் விட்டால் போதும். பின்பக்கத்துக் கண்ணாடி மங்கிப் போகும், எண் இறங்கிவிடும். உப்புக் காற்றில் தாங்கவில்லை என்று எழுதலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நான் பதில் சொல்லவில்லை.

காற்று அடித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ பலகையால் உப்பை இழுக்கிற சத்தம்.

கடைசியில் அவளே சிரித்துவிட்டாள். "சும்மா சொன்னேன் மேடம். வேலைக்குத் துரோகம் பண்ணலாமா?" என்று சொல்லிவிட்டு, அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள்.

என் ஆராய்ச்சி வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற இடங்கள் சில உண்டு. முதல் இடம், அந்த மௌனத்துக்குத்தான்.

மூன்று தடவை என் பெயர்

அடுத்த ஞாயிறு இளங்கோ கூப்பிட்டான். வழக்கமாக முதலில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பான். அன்று கேட்கவில்லை.

"சரிபார்த்து முடிச்சியா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

பிறகு, "நான் தப்புப் பண்ணிட்டேனோன்னு தோணுது ஹேமா. இத்தனை வருஷம் எல்லாரும் வேணாம் வேணாம்னு சொன்னாங்க. முதுகு முதுகுன்னு உக்காந்திருந்தேன். ஒண்ணும் இல்லையோ அதுல?" என்றான்.

அவனைத் தெரிந்த அத்தனை வருஷங்களில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. சந்தேகப்படத் தெரியாதவன் அவன். சந்தேகத்தை அவனுக்குக் கொடுத்தது நான்.

மறுநாள் பிரவுசிங் சென்டர் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். ஃபைல் மெதுவாக, மிக மெதுவாகப் போனது. நடுவில் ஒருமுறை கரண்ட் போய், முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாம் தடவை போய்விட்டது. கடைக்காரர், "என்னங்க, எதாவது கெட்ட நியூஸா?" என்று கேட்டார். இல்லை, நல்ல செய்திதான் என்றேன்.

அன்று மத்தியானமே பதில் வந்திருந்தது. மறுநாள் போய்த்தான் பார்த்தேன். அதில் வேறெதுவும் இல்லை, என் பெயர் மட்டும் மூன்று தடவை.

ஹேமா! ஹேமா! ஹேமா!

குயிலாப்பாளையத்தில் பத்து நாள்

திரும்பி வந்திருக்க வேண்டிய அதே மாசியில், பத்து நாள் விடுமுறையில் இளங்கோ வந்தான். நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

என் மாடி அறையில் இரண்டு பேர் புழங்க இடம் போதாது. பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில், குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை எடுத்தோம். அங்கே வெள்ளைக்காரர்கள் சாப்பிடுகிற கெட்டி ரொட்டி கிடைக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டு வருஷமாக ரொட்டி தின்று சலித்தவனுக்கு இட்லி வேண்டும். காலையில் எழுந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, ஒரே காப்பியைப் பகிர்ந்துகொள்வோம்.

இரண்டாம் நாள் உப்பளத்துக்குக் கூட்டிப் போனேன். மழைக்காலத்துத் தண்ணீர் வடிந்து, அந்த வருஷத்து முதல் உப்பு அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தது. அவன் நேரே பேனலுக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கண்ணாடி வழியாக ஒவ்வொரு செல்லாகப் பார்த்தான். எது எந்த எண் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பிலோமினா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா சார் அது? நல்லா வேலை செய்யுதுங்க உங்க சாமான். நாந்தான் டெய்லி தொடைக்கிறேன்."

"ரொம்ப தேங்ஸ்மா," என்றான் இளங்கோ.

"எனக்கு எதுக்கு? மேடத்துக்குச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

"நீயும் அங்க வந்துடு" என்று ஒருநாள் சொன்னான். என்னுடைய இரண்டு வருஷ அளவீட்டில் பாதிகூட முடிந்திருக்கவில்லை. அது முழுசாக இல்லாவிட்டால் அவனுடைய செல்லை யாரும் நம்ப மாட்டார்கள். முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். முடிந்தபோது சென்னையில் எனக்கென்று ஒரு கூடம் வந்தது. மாணவர்கள் வந்தார்கள். அப்புறம் அம்மாவுக்கு உடம்புக்கு வந்தது. போக முடியவில்லை. இளங்கோ அங்கே ஒன்பது வருஷம் இருந்தான். வருஷத்துக்கு ஒருமுறை வருவான்.

இப்போது ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இதை எழுதும்போது அவன் அடுத்த அறையில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கிறான். எங்களுக்குக் குழந்தை இல்லை. முப்பத்து நான்கிலிருந்து நாற்பத்து மூன்று வரை ஒரே கூரையின் கீழ் நாங்கள் எப்படி இருந்திருப்போம் என்று எனக்குத் தெரியாது. சில நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே அதை யோசிப்பேன். எதிரில் அவன் உட்கார்ந்திருக்கும்போதே அவனுக்காக ஏங்குவது எப்படி என்று கேட்டால் என்னால் விளக்க முடியாது.

பஸ்ஸில்

பத்தாம் நாள் காலை, பாண்டிச்சேரியிலிருந்து சென்னை போகிற பஸ்ஸில் ஏறினோம். அவன் ஏர்போர்ட்டுக்கு. நான் வழியில் மரக்காணத்தில் இறங்க வேண்டும்.

"ஏர்போர்ட் வரைக்கும் வாயேன்."

"பன்னெண்டு மணி ரீடிங் இருக்கு."

லாகர் தானாகவே பதிந்துகொள்ளும். அது அவனுக்கும் தெரியும்.

கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் சொன்னேன். அதற்கு மேல் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"கருவியில ஒரு கோளாறும் இல்ல இளங்கோ. ஃபைல் என்கிட்டயே இருந்தது. நான்தான் அனுப்பல. அனுப்பினா நீ வரமாட்டேன்னு."

அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். சவுக்குத் தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன.

"தெரியும்," என்றான்.

"எப்படி?"

"ஃபைல்ல ஒவ்வொரு ரீடிங்குக்கும் தேதி இருக்கே. நீ அனுப்பறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே அந்த நம்பர் வந்திருக்கு. திறந்து பார்த்ததும் புரிஞ்சது."

"கோபம் வரலியா?"

அவன் என் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"நீ சரிபார்க்கறேன் சரிபார்க்கறேன்னு எழுதினப்பவே எனக்குக் கொஞ்சம் தோணிச்சு. நல்ல நம்பரா இருந்தா இவ ஏன் இவ்வளவு நாள் சரிபார்க்கணும்னு. நம்பர் மோசமா இருக்குமோன்னு ஒரு பக்கம் செத்துடலாம் போல இருந்தது. இன்னொரு பக்கம், நல்ல நம்பராவே இருந்தாலும் அனுப்பாமயே இருந்துடேன் ஹேமான்னு வேண்டிக்கிட்டேன். அனுப்பலேன்னா நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். பேசாம வந்துடலாம்."

"அதை ஏன் போன்ல சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

மரக்காணம் வந்தது. அவன் எழுந்து வழிவிட்டான். என் தோளை ஒருமுறை அழுத்தினான். இறங்கினேன்.

இறங்கியும் படியின் கைப்பிடிக் கம்பியை விடவில்லை. ஒரு கால் தரையில், ஒரு கை கம்பியில். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே இளங்கோ உட்காராமல், சீட்டுகளுக்கு நடுவே நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கியிருப்பான். அவன் கூப்பிட்டிருந்தால் நானும் ஏறியிருப்பேன்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்:

"ஏறுறீங்களாம்மா, இல்ல வண்டிய எடுக்கட்டுமா?"

நான் கம்பியை விட்டேன்.

"போலாங்க," என்றேன்.